“அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று மூன்று வருஷமாகச் சொல்கிறார்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. சிங்கப்பூரில் சாங்கி பக்கம் சரக்கு அனுப்பிவைக்கிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். பெர்மிட் எடுப்பது, டாக்குமென்ட் சரிபார்ப்பது, சரக்கு ஏற்றுவதற்கான கட்-ஆஃப் நேரத்தைத் துரத்துவது, இதுதான் வேலை. ஆபீசில் யாருக்காவது எச்எஸ் கோட் (சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்துகிற எண்) சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ் ஒன்று படிக்க ஆசை, கட்டணம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று வருஷமாக மேலாளரிடம் கேட்கிறேன், “அடுத்த வருஷம் பட்ஜெட் வந்ததும் பார்க்கலாம்” என்கிறார். சொந்தக் காசில் படிக்கலாமா? மகளுக்கு இந்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ, டியூஷன் செலவே தாங்கவில்லை என்கிறாள் மனைவி. கம்பெனிக்காகப் படிக்கிற படிப்புக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, நான் படிக்கிறேன் என்று தெரிந்தால் வேறு வேலை தேடுகிறேன் என்று மேலாளர் நினைத்துக்கொள்வாரோ?
— உட்லண்ட்ஸ் வாசகர்

தம்பி, பெண் கேட்டுப் போன வீட்டில் “ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்” என்று ஒரு தடவை சொன்னால் காத்திருக்கலாம். மூன்று தடவை சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் மேலாளர் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் முதல் வருஷமே சொல்லிவிட்டார். அதற்காக அவரைத் திட்ட வேண்டியதும் இல்லை. நான் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், பட்ஜெட் கூட்டங்களில் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பது பயிற்சிப் பணத்தில்தான், ஏனென்றால் அதை வெட்டினால் அந்த மாதமே யாரும் சத்தம் போடமாட்டார்கள்.

“கம்பெனிக்காகப் படிக்கிற படிப்பு” என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி புதிதாக வாங்கிய சிஸ்டத்தைக் கற்றுக்கொள்வதோ, கிடங்குப் பாதுகாப்புப் பயிற்சியோ அவர்கள் செலவு, அதற்கு நீங்கள் பத்துக் காசுகூடத் தராதீர்கள், வேலை நேரத்தில் நடத்தச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கம்பெனியின் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது உங்களோடு எது வருகிறதோ அது உங்களுடையது. அதற்குப் பணம் கட்டுவதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 2003, சார்ஸ் வந்த வருஷம். நான் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. சம்பளப் பட்டியல் போடுவதில் நான் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். அந்தக் கம்பெனிக்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருள் இருந்தது. எஃப்7 தட்டினால் விடுப்பு, எஃப்9 தட்டினால் ஓவர்டைம், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அடுத்த இடத்து நேர்முகத்தில் ஓர் அம்மா ஒரு தாளையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளி, “அடிப்படைச் சம்பளம் 1,400 வெள்ளி, ஒரு நாள் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்திருக்கிறார், எவ்வளவு தர வேண்டும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எஃப்9-ஐத்தானே தட்டிக்கொண்டிருந்தேன்.

மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணி நேரத்தையும் பெருக்கி வருகிற எண்ணால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி, அதற்கு ஒன்றரை மடங்கு. கணக்குப் போட்டால் 22 வெள்ளிச் சொச்சம் வரும். அவ்வளவுதான் சமாசாரம். அன்றைக்கு ராத்திரி வேலைநியமனச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். காசு செலவே இல்லை. அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் எந்த ராத்திரியும் அதைச் செய்திருக்கலாம், கம்பெனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

கம்பெனி பணம் கட்டினால் மட்டும் என்ன, சும்மாவா வரும்? பணம் கட்டும்போது பெரும்பாலும் ஒரு பாண்டும் கூடவே வரும். படிப்பு முடிந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்க வேண்டும், முன்னதாகப் போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அது தப்பு என்று சொல்லமாட்டேன், அவர்கள் காசு. ஆனால் 2,800 வெள்ளிக்கு இரண்டு வருஷம் என்றால் மாதத்துக்கு 116 வெள்ளி சொச்சத்துக்கு உங்கள் கையைக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த இரண்டு வருஷத்தில் 500 வெள்ளி கூடுதலாக ஒரு வேலை வந்தால்? என்றைக்காவது மேலாளர் மனம் மாறிக் கையெழுத்துப் போடச் சொன்னால், எவ்வளவு காலம், முன்னதாகப் போனால் முழுப் பணமா இருந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்களா, அவர்களே உங்களை ஆள்குறைப்புச் செய்தால் என்ன ஆகும், இந்த மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

சரி, அந்த டேட்டா கோர்ஸுக்கு வருவோம். ஏன் அது? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், காரணம் எங்கேயும் இல்லை. கைப்பேசியில் விளம்பரம் வந்ததா, கூடப் படித்தவர் யாராவது செய்தாரா? டேட்டா கற்றுக்கொள்வது கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 24 வயதில் அதையே மூன்று வருஷம் பட்டமாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளோடு, 38 வயதில், ஒரு சில மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்கப் போகிறீர்களா?

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எச்எஸ் கோட் சந்தேகம் வந்தால் எல்லாரும் உங்களிடம் வருகிறார்கள் என்று. என் கண் அங்கேதான் நின்றது. உங்களுக்கு அது தினமும் செய்கிற வேலை, அதனால் அதன் மதிப்பு தெரியவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எல்லை தாண்டுகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு, அதுதான் எச்எஸ் கோட். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது, நாம் இங்கே எழுதுகிற எட்டில் கடைசி இரண்டு ஆசியானுக்காகச் சேர்த்தது. ஸ்மார்ட் வாட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கட்டுகிறோம், மணி பார்க்கிறோம், அப்படியானால் கடிகாரமா? கடிகாரம் என்றால் 91-ஆம் அத்தியாயம். ஆனால் அதன் முக்கிய வேலை கைப்பேசியோடு தகவலைப் பரிமாறிக்கொள்வது என்று பார்த்து, உலகச் சுங்க அமைப்பு அதைத் தொடர்புச் சாதனங்களோடு 8517-இல் வைத்தது. இந்த மாதிரி யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் குறைவு. பெர்மிட் தட்டச்சு செய்ய ஆள் கிடைப்பார்கள், அந்த வேலையை மென்பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. ஏன் இந்த எண், ஏன் அது இல்லை என்று நின்று வாதாடத் தெரிந்தவர் வேறு ரகம்.

சிங்கப்பூரில் மதுபானம், புகையிலை, வாகனம், பெட்ரோலியம் இந்த நான்கைத் தவிர மற்றதற்குச் சுங்கவரி கிடையாது, அதனால் கோட் தப்பானால் என்ன போச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. சரக்கு போய்ச் சேருகிற ஊரில் வரி இருக்கிறதே! 2025 ஏப்ரலில் அமெரிக்கா ஏகப்பட்ட நாடுகளின் பொருள்களுக்குப் புதிய வரி அறிவித்த பிறகு, எந்த எண், எந்த நாட்டில் உற்பத்தி என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவரை எல்லாரும் தேடினார்கள். இன்னொன்று, இந்த எச்எஸ் முறை நடைமுறைக்கு வந்தது 1988 ஜனவரி 1, கிட்டத்தட்ட உங்கள் வயதுதான் அதற்கும். கடைசியாக 2022-இல் திருத்தினார்கள். அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அன்றைக்குப் பழைய எண்கள் பல மாறும், ஒவ்வொரு கம்பெனியிலும் பொருள் பட்டியலைத் திருத்தியாக வேண்டும், பாதிப் பேர் டிசம்பர் கடைசி வாரத்தில் முழிப்பார்கள். நீங்கள் ஒரு வருஷம் முன்னாலேயே தயாராக இருந்தால் எப்படி இருக்கும்?

அதற்காக என் பேச்சை நம்பியும் இறங்கிவிடாதீர்கள், நான் உங்கள் தொழிலில் இருப்பவள் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் டிரேட் கம்ப்ளையன்ஸ் (வர்த்தக விதிகளைக் கவனிக்கிற வேலை), சுங்க ஆலோசகர், டேட்டா அனலிஸ்ட் என்று தேடி, நீங்கள் போய் உட்கார விரும்புகிற மாதிரியான 30 விளம்பரங்களை எடுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, எந்தத் தகுதியை எத்தனை விளம்பரம் கேட்கிறது என்று குச்சி போட்டு எண்ணுங்கள். கையால் எண்ணுங்கள், அப்போதுதான் மண்டையில் ஏறும். சான்றிதழ் கேட்கிறார்களா, இத்தனை வருஷ அனுபவம் கேட்கிறார்களா, எக்செல் போதுமா, சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு பேரைப் பிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக்கொடுத்து, “நீங்கள் ஆள் எடுத்தால் என்னை எடுப்பீர்களா, எடுக்காவிட்டால் எது குறை?” என்று நேராகவே கேளுங்கள். ஒன்பது வருஷத்தில் எத்தனை வாடிக்கையாளர், எத்தனை ஏர்லைன் ஆட்கள், எத்தனை ஷிப்பிங் லைன் ஆட்களோடு ஃபோனில் கத்தியிருப்பீர்கள், இரண்டு பேர் கிடைக்காமலா போவார்கள்?

எண்ணிப் பார்த்த பிறகும் டேட்டாதான் வேண்டும் என்று வந்தால் தாராளமாகப் படியுங்கள். ஏன் படிக்கிறீர்கள் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது காசுக் கணக்கு. நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 2016-இல் அரசாங்கம் படிப்புச் செலவுக்கென்று ஆளுக்கு 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி போட்டார்களே, அது காலாவதி ஆகாது. தொடாமல் வைத்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருக்கும். 2020-இல் கூடுதலாகப் போட்ட 500 மட்டும் 2025 டிசம்பர் 31-உடன் போய்விட்டது. உங்கள் 2,800 வெள்ளி கோர்ஸ் அரசாங்க மானியம் உள்ளதா என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். மானியம் உள்ள கோர்ஸ் பலவற்றில் பாதிக் கட்டணத்தை அவர்களே ஏற்கிறார்கள். அப்படி என்றால் 1,400. உங்கள் 500-ஐக் கழித்தால் 900. தொழிற்சங்க உறுப்பினராக இருந்து, கோர்ஸும் அவர்கள் பட்டியலில் இருந்தால், என்டியுசியின் (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) பயிற்சி உதவித் திட்டத்தில் கையிலிருந்து கட்டியதில் பாதி, வருஷத்துக்கு 250 வெள்ளி வரை திரும்பக் கிடைக்கும். 650-க்கு வந்துவிட்டது பார்த்தீர்களா! பட்டியலில் இல்லாத கோர்ஸ் என்றால் முழு 2,800-உம் உங்கள் தலையில். “கடைசி மூன்று இடங்கள்தான்” என்று அவசரப்படுத்துகிற விளம்பரங்களை நான் நம்புவதில்லை, அந்த மூன்று இடங்கள் ஆறு மாதமாக அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்தில் உங்களுக்கு 40. அப்போது கணக்கே வேறு. 40 வயதானவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து 4,000 வெள்ளி தருகிறார்கள், காலாவதி கிடையாது, தேர்ந்தெடுத்த கோர்ஸுகளுக்கு மட்டும். மானியமும் பல கோர்ஸுகளில் 90 விழுக்காடு வரை ஏறும். முழு நேரமாகப் படிக்கப் போனால் மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகையும் உண்டு, அது உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆகவே பெரிய படிப்பு, டிப்ளோமா மாதிரி ஏதாவது மனதில் இருந்தால் அதை 40-க்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வருஷத்தில் சின்னச் சின்னதாக, கை கடிக்காத படிப்புகளைப் பாருங்கள். வகைப்பாடு, உற்பத்தி நாட்டு விதிகள் பற்றியெல்லாம் சுங்கத்துறையே வகுப்பு எடுக்கிறது. கோட் எப்படித் தீர்மானிப்பது என்பதற்கான ஆறு பொது விதிகள் யாருக்கும் இலவசம், இணையத்தில் கிடக்கின்றன. கோட் தெரிந்த நீங்கள் அந்த விதிகளைச் சொல்லி ஒருவருக்கு விளக்க முடியுமா? முடியாது என்றால் நான் எஃப்9 தட்டிய கதைதான்.

மேலாளரிடம் கேட்பதை நிறுத்த வேண்டாம், கேட்கிற பொருளை மாற்றுங்கள். பணம் கேட்காமல் நேரம் கேளுங்கள். “செவ்வாய், வியாழன் ஐந்தரைக்குக் கிளம்புகிறேன், அதற்குப் பதிலாக அந்த இரண்டு நாளும் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன், கட்-ஆஃப் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார்” என்று எழுத்தில் கொடுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் 2024 டிசம்பர் 1-இலிருந்து நடப்பில் இருக்கின்றன. முறையாக எழுதிக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் வேலை சார்ந்த நியாயமான காரணம் சொல்ல வேண்டும். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று காற்றில் விட முடியாது. பட்ஜெட் தேவைப்படாத விஷயம் என்பதால் பெரும்பாலான மேலாளர்கள் இதற்குத் தலையாட்டிவிடுவார்கள்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். பெர்மிட் வேலை மட்டும் இல்லாமல், வாடிக்கையாளரோடு கோட் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் உங்களையும் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஐந்து கூட்டத்தில் பேசிப் பழகியவருக்கு வருகிற தைரியம் எந்த வகுப்பிலும் வராது. சுயவிவரத்திலும் “பெர்மிட் எடுத்தேன்” என்பதற்கும் “வாடிக்கையாளரின் பொருள் பட்டியலைச் சரிபார்த்துத் திருத்திக்கொடுத்தேன்” என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆள் எடுக்கிற என் போன்றவர்கள் அரை நிமிஷத்தில் பார்த்துவிடுவோம்.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. பிஎஸ்எல்இ வருஷத்தில் வீட்டில் ஒரு 2,800 வெள்ளி எழுந்து போவது விளையாட்டு இல்லை, பணத்தைவிட உங்கள் இரண்டு சாயங்காலமும் போகிறதே, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருப்பது? வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில், எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில். அதுவரைக்கும் நான் சொன்ன 30 விளம்பரமும் இரண்டு தே தாரிக்கும் போதும், அதற்கு மொத்தம் பத்து வெள்ளி ஆனால் அதிகம். நவம்பரில் வகுப்பில் சேருங்கள். மேலே போட்ட கணக்கை அந்த 2,800-இலிருந்து 650 வரை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். “படிக்கப் போகிறேன்” என்று சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

ஒரு எச்சரிக்கை. ஒன்பது வருஷத்தில் நீங்கள் ஆபீஸ் கணினியில் ஒரு எக்செல் வைத்திருப்பீர்கள், சிக்கலான பொருள்களும் அவற்றின் கோடும். இந்த மாதிரி ஆட்கள் எல்லாரிடமும் அது இருக்கும். அதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் விலையும் அதில் இருக்கும், அது கம்பெனியுடையது, வேலையை விடும்போது வம்பில் முடியும். வீட்டில் ஒரு புது நோட்டுப் போட்டு, பொது அட்டவணையையும் விதிகளையும் வைத்து, பொருளின் பெயரும் காரணமும் மட்டும், முதலிலிருந்து நீங்களே எழுதுங்கள். எழுத எழுதத்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

கடைசியாக, மேலாளர் என்ன நினைப்பார் என்று கேட்டீர்கள். வேறு வேலை தேடுகிறீர்கள் என்றுதான் நினைப்பார். நினைக்கட்டுமே, கோட் சந்தேகத்துக்கு ஓடி வருகிற ஆள் போய்விடுவாரோ என்று அவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும். நேராகக் கேட்டால் “எச்எஸ் 2028 வருகிறது சார், அதற்குத் தயாராகிறேன்” என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அந்த 30 விளம்பரத்தில் எதற்கு எத்தனை குச்சி விழுந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.